தண்டவாளம் நீங்கிய பாதைகள்: ஒரு சிற்றிலக்கணம்

பாயிரம் இல்லாத நூலை நம் பண்டிதர்கள் கையால் தொடமாட்டார்கள். ஆகவே முதலில் பாயிரம்.

இந்நூல் நுதலிய பொருள்: ரயில் ஓடி நின்றுபோன பாதைகளையும், அவற்றோடு கைவிடப்பட்ட பாலங்களையும் தேடி நடத்தல். எல்லை: வடக்கே கிருஷ்ணகிரி, கிழக்கே தனுஷ்கோடி, தெற்கே திசையன்விளை, மேற்கே பரம்பிக்குளம். இந்த நான்கு எல்லையிலும் ஒரு காலத்தில் ரயில் வந்தது. இன்று நான்கிலும் வராது. இவ்வளவு செம்மையான எல்லை வேறு எந்த இலக்கண நூலுக்கும் வாய்க்கவில்லை. கேட்போர்: ஓய்வூதியம் வந்தும் பொழுது போகாதவர்கள், பொழுது இருந்தும் ஓய்வூதியம் வராதவர்கள். பயன்: அறம், பொருள், இன்பம், வீடு என்ற நான்கில் ஒன்றும் இல்லை. வெயிலில் கறுப்பது மட்டும் உறுதி.

இனி நூல்.

தண்டவாளம் போன பிறகு பாதையைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது முதல் வினா. சாலையின் குணம் வேறு, ரயில்பாதையின் குணம் வேறு. சாலை கோயிலைக் கண்டால் வளையும், ஆலமரத்தைக் கண்டால் ஒதுங்கும், செல்வாக்குள்ளவர் தோப்பைக் கண்டால் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போகும். ரயில்பாதைக்கு இந்தப் பணிவு கிடையாது. நூறடி போவதற்குள் ஓரடி ஏறச் சொன்னாலே எஞ்சினுக்கு மூச்சு முட்டும் என்பதால், பள்ளத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கியும் மேட்டை வெட்டிப் பள்ளமாக்கியும் நேராகப் போகும். திரும்பினாலும் அவசரமில்லாமல் திரும்பும். எனவே வயல்வெளியில் காரணமே இல்லாமல் ஒரு நீண்ட கரை எழுந்து நின்றால், அதன் ஓரமாக மண் எடுத்த குழிகள் குட்டைகளாகி ஆகாயத்தாமரை படர்ந்திருந்தால், தண்ணீரே வராத ஓர் இடத்தில் செங்கல் வளைவுடன் ஒரு சிறுபாலம் கம்பீரமாக நின்றால், அங்கே ரயில் ஓடியது என்று கொள்க. கரை முழுவதும் சீமைக்கருவேலம் மண்டியிருந்தால் ஐயமே வேண்டாம். அது இத்துறையின் தல விருட்சம்.

ஏட்டுச் சான்று தேடுவோர் கிராம நிர்வாக அலுவலரிடம் போகலாம். மண்ணில் அழிந்த பாதை வருவாய்த் துறையின் பதிவேட்டில் ‘ரயில்வே புறம்போக்கு’ என்று உயிரோடு இருக்கும். புலப்படத்தில் அது ஒரு நீண்ட ரிப்பன்போல ஓடும். நேரில் போய்ப் பார்த்தால் அதே ரிப்பன்மேல் ஒரு கல்யாண மண்டபம், இரண்டு வைக்கோற்போர், மாட்டுக் கொட்டகை ஒன்று, ஒரு கட்சிக் கொடிக்கம்பம் ஆகியவை முறையே அமைந்திருக்கும்.

வாய்மொழிச் சான்று டீக்கடையில் கிடைக்கும். அதில் ஓர் இடையூறு உண்டு. கையில் வரைபடத்துடன் கரைமேல் நடக்கும் மனிதனை நம் மக்கள் ஒருபோதும் கடந்த காலத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. “என்ன தம்பி, சர்வேயா? எங்க நெலம் போகுதா?” என்பது முதல் கேள்வி. “இல்லைங்க ஐயா, பழைய ரயில்பாதையைப் பார்க்க வந்தேன்” என்றால் நம்பிக்கை வராது. “அதான், மறுபடி போடப் போறாங்களாக்கும்” என்று அவரே முடித்துவிடுவார். அரை மணி நேரத்தில் செய்தி ஊருக்குள் பரவும். மாலையில் நிலத்தரகர் ஒருவர் இருசக்கர வாகனத்தில் வந்து, ஸ்டேஷன் எந்தப் பக்கம் வரும் என்று தணிந்த குரலில் விசாரிப்பார். பழையதைத் தேடி வந்தவன் புதியதைப் போட வந்தவனாகவே கொள்ளப்படுவான் என்பது இத்துறையின் முதல் விதி. இந்த விதி அவ்வளவு அபத்தமானதல்ல என்பது நூலின் கடைசிப் பகுதியில் விளங்கும்.

அடுத்தது கருப்பொருள். கழற்றிய தண்டவாளம் எங்கே போகிறது? பழைய மச்சுவீடுகளில் உத்திரமாகக் கிடப்பது உண்டு. வேலிக்காலாக, கொடிக்கம்பமாக, தெருவிளக்குத் தூணாக நிற்பதும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் தண்டவாளத்தின் மிக உயர்ந்த பிறவி பள்ளிக்கூட மணி. வேப்பமரக் கிளையிலோ தாழ்வாரத்து வளையிலோ ஒரு துண்டு தொங்கும். பக்கத்தில் அடிப்பதற்கு ஓர் இரும்புக்கோல். ஓசையில் கோயில் மணி அதனிடம் தோற்கும்.

இங்கே ஒரு கணக்கு. ஒரு மைல் பாதைக்கு இரண்டு வரிசைத் தண்டவாளம். வரிசை ஒன்றுக்கு 5,280 அடி. மணிக்கு இரண்டடித் துண்டு தாராளம். ஆக, ஒரு மைல் பாதையைப் பிரித்தால் 5,280 பள்ளிகளுக்கு மணி கிடைக்கும். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஓடிய பாதை சுமார் 25 மைல். அதை மட்டும் பிரித்தால் 1,32,000 பள்ளிகள். தமிழ்நாட்டில் அத்தனை பள்ளிகள் இல்லை. ஆகவே மீதித் துண்டுகள் எங்கோ இருக்கின்றன. இதை மேற்கொண்டு ஆராய்பவர்களுக்கு இந்நூல் வழிவிட்டு நிற்கிறது.

இனித் திணை வகுப்பு. கைவிடப்பட்ட ரயில்பாதைகளை அகலப்பாதை, மீட்டர் பாதை, குறுகிய பாதை என்று தண்டவாளத்தின் இடைவெளியை வைத்து வகுப்பது பொறியாளர் வழக்கம். தண்டவாளமே இல்லாதபோது இடைவெளியை எங்கே அளப்பது? நிலத்தை வைத்து வகுத்தலே முறை.

குறிஞ்சிக்கு எடுத்துக்காட்டு மூணாறு. குண்டளைப் பள்ளத்தாக்கில் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிச் செல்ல 1902இல் ஒரு ரயில் போட்டார்கள். தண்டவாளம் ஒன்றே ஒன்று. வண்டியின் சிறு சக்கரங்கள் அந்த ஒற்றைத் தண்டவாளத்தில் உருளும். விழாமலிருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் ஊன்றிக்கொண்டு வரும். இழுப்பது காளை. அறிவியலும் வேளாண்மையும் இவ்வளவு சமமாகப் பங்கிட்டுக்கொண்ட போக்குவரத்து வேறு இருந்ததாகத் தெரியவில்லை; பட்டியாலா சமஸ்தானத்தில் இதே முறையில் ஒன்று 1907 முதல் இருபது ஆண்டுகள் ஓடியது, அவ்வளவே. குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல் என்பர். ஒற்றைத் தண்டவாளத்தில் அது எப்படிப் பொருந்தும் என்ற ஐயம் எழலாம். 1908இல் அதை எடுத்துவிட்டு, இரண்டடி அகலத்தில் ஜோடித் தண்டவாளம் போட்டு நீராவி எஞ்சின் விட்டார்கள். திணை இலக்கணம் அப்போதுதான் நிறைவேறியது. இரண்டும் கடைசிவரை ஒன்றையொன்று தொடவில்லையே என்று கேட்பவர்களுக்கு உரையாசிரியர்களிடம் விடை இல்லை.

அந்த இல்லறம் பதினாறு ஆண்டுகள். 1924 ஜூலையில், மலையாளத்தார் கொல்லம் ஆண்டு 1099ஐ வைத்துத் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று சொல்லும் பெருவெள்ளம் மலையைக் கரைத்து ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடி போடவில்லை. இன்று அங்கே ஆய்வாளன் காண வேண்டியவை: ரயில் நிலையக் கட்டடமாக இருந்து தேயிலைக் கம்பெனி அலுவலகமாகிவிட்ட வீடு ஒன்று, டாப் ஸ்டேஷன் என்ற ஊர் ஒன்று. மூணாற்றிலிருந்து ரயிலில் வந்த பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட ரோப்வேயில் குரங்கணிப் பக்கம் இறங்கும். அங்கிருந்து வண்டிகளில் போடிநாயக்கனூர், பின் தூத்துக்குடித் துறைமுகம், பின் லண்டன். இன்று டாப் ஸ்டேஷனுக்கு நாள்தோறும் கூட்டம் வருகிறது. மேகத்தைப் பார்க்கிறார்கள், பச்சை மிளகாய் பஜ்ஜி சாப்பிடுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்டேஷன் எங்கே என்று கேட்பவர் எவருமில்லை. இந்தப் பெருந்தன்மையை எண்ணி வியக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மலைக்குமேல் ரயில் ஓடிய காலத்தில் கீழே போடிக்கு ரயில் கிடையாது. மதுரை–போடி பாதை திறந்தது 1928இல். அதாவது மேலே இருந்த ரயிலை வெள்ளம் கொண்டுபோய் நான்கு ஆண்டுகள் கழித்து. கீழ்ப்பாதையும் சும்மா இருக்கவில்லை. உலகப் போரின்போது அதன் தண்டவாளத்தைக் கழற்றினார்கள்; 1950களில் திரும்பப் போட்டார்கள்; மீட்டர் பாதையை அகலப்பாதையாக்குவதற்காக 2010 முடிவில் நிறுத்தினார்கள்; 2023இல் போடிக்கு மறுபடி ரயில் வந்தது. இப்பாதையைக் கைவிடப்பட்டது என்று சொல்ல இனி இடமில்லை. கைவிடப்படும் பழக்கமுடையது என்று சொல்லலாம்.

முல்லையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் காடுவரை கொச்சி சமஸ்தானம் தேக்கு இறக்குவதற்காக 1907இல் திறந்த டிராம்வே, ஏறத்தாழ 50 மைல். செங்குத்தான சரிவுகளில், இறங்கும் மரவண்டியின் கனமே காலி வண்டியை மேலே இழுக்கும். காட்டை இறக்கிய வேகத்தில் காலி வண்டி ஏறியது. 1963இல் மூடினார்கள். முல்லைக்குரிய ஒழுக்கம் காத்திருத்தல். தண்டவாளம் போன தடத்தில் காடு அதைத்தான் செய்துகொண்டிருந்தது, இப்போது முக்கால்வாசி முடித்துவிட்டது.

மருதம், மயிலாடுதுறை–தரங்கம்பாடிப் பாதை. 1926இல் திறந்து 1986இல் நிறுத்தியது. மருதத்துக்குரியது ஊடல். தரங்கம்பாடியார் ரயில்வேயோடு ஊடி மனு எழுதுவதை இன்றுவரை நிறுத்தவில்லை. தெற்கே திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி உப்புப் பாதைக்கு 2023இல் மறுவாழ்வு கிடைத்தபின் அந்த ஊடல் இன்னும் கூடியிருக்கும் என்பதை ஊகிக்க இலக்கணம் கற்றிருக்க வேண்டியதில்லை.

பாலையைத் தனியாகப் பேச வேண்டும். தாது வருடப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் மக்கள் மடிந்தபின் அரசாங்கத்துக்கு ஒரு ஞானம் பிறந்தது: பஞ்சம் வரும் சீமைக்கு ரயில் போட்டு வைத்தால் அடுத்த முறை தானியமாவது போய்ச் சேரும். அந்த ஞானத்தில் பிறந்தவை திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி (1905), மொரப்பூர்–தருமபுரி (1906) ஆகிய இரண்டு சிறுபாதைகள். அகலம் இரண்டரை அடி. தருமபுரிப் பாதையை 1913இல் ஓசூர்வரை நீட்டினார்கள். 1941இல், உலகப் போரின் நடுவே, எல்லாவற்றையும் மூடிப் பிரித்துவிட்டார்கள். பஞ்சத்துக்காகப் போட்ட பாதையைப் போருக்காக எடுத்தது, ஒரு பேரிடருக்குரிய பொருளை இன்னொரு பேரிடருக்கு மாற்றி எழுதிய கணக்கு. தணிக்கையாளர் எவரும் ஆட்சேபிக்கவில்லை.

தருமபுரிக்குப் பின்னாளில் சேலம்–பெங்களூருப் பாதை வாய்த்தது. கிருஷ்ணகிரிக்கு அதுவும் இல்லை. 2004இல் அது மாவட்டத் தலைநகராக உயர்ந்தது. கலெக்டர் வந்தார், கோர்ட்டு வந்தது, மாம்பழக் கூழ் ஆலைகள் பெருகின, ஆறுவழிச் சாலை அகலமாக வந்தது. ரயில் வரவில்லை. ஆனால் ரயிலுக்கான சர்வே வந்தது. ஒரு முறை அல்ல. தேர்தலுக்குத் தேர்தல் பேச்சில் வந்தது, இடையிடையே நிலத்திலும் வந்தது. 1905இல் ரயில் வந்த ஊரில் ரயில் வர முடியுமா என்று நூறாண்டு கழித்து ஆராய்வதற்கு ஒரு துணிவு வேண்டும். பாலை தனி நிலம் அல்ல, இருந்த வளம் திரிந்து உருவாவது என்று பழையவர்கள் வகுத்துவைத்தது எவ்வளவு சரி.

நெய்தலில் மூன்று இடங்கள். முதலாவது குலசேகரன்பட்டினம். பாரி கம்பெனிக்காரர்கள் பனைவெல்லச் சர்க்கரைத் தொழிலையொட்டிப் போட்ட இரண்டடி ரயில், திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் இடையே தேரிக்காட்டு மணலில் 1915ஐ ஒட்டித் தொடங்கி 1940வரை ஓடியது. இன்று அந்த ஊரில் சிறுபாலங்களின் எச்சத்தைத் தேடிப் போகும் ஆய்வாளன் பாதுகாப்பு வேலியில் முட்டிக்கொள்ளக்கூடும். காரணம், 2024 பிப்ரவரியில் அங்கே இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ரயில் விட்டுப்போன ஊருக்கு ராக்கெட். திசையன்விளைக்குப் போக இன்னமும் பஸ்தான்.

இரண்டாவது தனுஷ்கோடி. இங்கே இந்நூலின் குரல் சற்று மாற வேண்டியிருக்கிறது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்தவர் தனுஷ்கோடித் துறையில் ரயிலைவிட்டுக் கப்பல் ஏறி, இருபத்திரண்டு மைல் கடலைக் கடந்து தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போகலாம். போட் மெயில் என்று பெயர். அன்று ராமேஸ்வரம்தான் கிளைப்பாதை. பிரதானப் பாதை தனுஷ்கோடிக்கு. 1964 டிசம்பர் 22 இரவு புயல் எழுந்தது. பாம்பனிலிருந்து போன 653ஆம் எண் பயணிகள் ரயில் தனுஷ்கோடியை எட்டும் தறுவாயில் கடல் அதை எடுத்துக்கொண்டது. உள்ளே நூற்றுக்கு மேற்பட்டவர்கள், ஒருவரும் திரும்பவில்லை. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. இன்று அங்கே தேவாலயச் சுவரும் ரயில்வே கட்டடங்களின் எலும்புக்கூடும் நிற்கின்றன. சுற்றுலாப் பயணிகள் அவற்றின்முன் சங்கு வாங்குகிறார்கள். அரிச்சல்முனைவரை 2017இல் நல்ல சாலை வந்துவிட்டது. எதிர்க்கரையில் தலைமன்னார்ப் பாதை 1990இல் போரில் அறுந்து 2015இல் திரும்ப ஓடத் தொடங்கியது. அந்த ரயில் கடற்கரைவரை வந்து, கப்பல் இல்லாத துறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. நெய்தலுக்கு இரங்கல் என்று வகுத்தவர்கள் இரண்டு கரைகளையும் கணக்கில் எடுத்திருப்பார்கள் போலும்.

மூன்றாவது பாம்பன் பாலமே. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம். நடுவில் கப்பலுக்கு வழிவிட இரு கைகளாகப் பிரிந்து எழும் தூக்குப் பாலம், சிகாகோவைச் சேர்ந்த ஷெர்சர் முறையில் அமைந்தது. அதைத் தூக்கியது மின்சாரம் அல்ல. தொழிலாளிகள் நின்றுகொண்டு இரும்புக் கைப்பிடிகளைச் சுற்றிச் சுற்றித் தூக்கினார்கள், ஒரு நூற்றாண்டுக்கு மேல். உலகில் இரும்பு துருப்பிடிப்பதில் மயாமிக்கு அடுத்த இடம் பாம்பனுக்கு என்று ரயில்வேக்காரர்கள் சொல்லிப் பெருமைப்படுவார்கள். இரண்டாம் இடத்துக்கு இவ்வளவு பெருமை நாம் வேறெங்கும் பட்டதில்லை. 1964 புயல் பெரும்பாலான கர்டர்களைக் கடலில் தள்ளியது. சரிசெய்ய ஆறு மாதம் என்றது ரயில்வே. இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர், கடலில் கிடந்த கர்டர்களையே தேடி எடுத்து மாட்டி 46 நாளில் முடித்தார். இது நம் ரயில்வே வரலாற்றில் ஒரு விபத்தாகவே கருதப்பட வேண்டும். பிற்காலப் பணிகளில் எதையும் இது பாதிக்கவில்லை.

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய பாலம் திறந்தது. அதன் நடுப்பகுதி லிஃப்ட்போலச் செங்குத்தாக மேலே போகும், கைப்பிடி சுற்றுவாரில்லாமல். கடல் நடுவே புதியதும் பழையதும் அருகருகே நிற்க, சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தக்கூடாது என்ற பலகையின்கீழ் வண்டியை நிறுத்திவிட்டு மக்கள் இரண்டையும் படம் எடுக்கிறார்கள். பழையதைக் கழற்றிவிடுவதென்று முடிவாகியிருக்கிறது. கழற்றினால் எத்தனை பள்ளிக்கூட மணி என்று கணக்கிட முற்படுபவர்கள், உப்பில் ஊறிய இரும்புக்கு ஓசை குறைவு என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாகச் சட்டமும் செலவும். 2019ஆம் ஆண்டு இத்துறைக்குப் பொற்காலம். அந்த ஆண்டில் ராமேஸ்வரம்–தனுஷ்கோடிப் பாதைக்கும் மொரப்பூர்–தருமபுரிப் பாதைக்கும் அடிக்கல் நாட்டினார்கள். தனுஷ்கோடிக்கு மணலும் சூழலும் தாங்காது என்ற தடை எழுந்தது. எப்படியாயினும் களத்தில் ஆய்வாளன் முன்னால் இப்போது இரு வகைக் கற்கள் உள்ளன, குழப்பிக்கொள்ளலாகாது. மைல்கல் இருந்தால் அங்கே ஒரு காலத்தில் ரயில் இருந்தது. அடிக்கல் இருந்தால் அங்கே ஒரு காலத்தில் பந்தல் இருந்தது. டீக்கடைக்காரர் நம்மைச் சர்வேயராகக் கொண்டது ஏன் என்பது இங்கே தெளிவாகும்: அவர் கண்ட வரையில், ரயில்பாதையைத் தேடி வந்தவர்கள் எல்லாரும் அளந்தார்கள், எவரும் போடவில்லை, நாமும் போடவில்லை. வேறுபாடு காண அவருக்கு வழி ஏது?

1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு, அனுமதியின்றி ரயில்வே எல்லைக்குள் நுழைபவருக்கு ஆறு மாதம்வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. தண்டவாளமே இல்லாத கரைமேல் நடப்பது இதில் அடங்குமா என்பதை வழக்குரைஞர்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு இருபுறமும் வாதிடுவார்கள். நம் கவனத்துக்குரியது அந்தத் தொகை. பட்ஜெட்டோடு வரும் பிங்க் புக் என்ற ஏட்டில், அண்மை ஆண்டுகள் சிலவற்றில், தமிழ்நாட்டுக்கு அறிவித்த புதிய பாதைகள் பலவற்றுக்கு ஆண்டு ஒதுக்கீடாக எழுதியிருந்ததும் ஆயிரம் ரூபாயே. திட்டம் சாகவில்லை என்பதற்கு அடையாளமாக அந்த ஆயிரம் என்று விளக்கம் சொன்னார்கள். ஆகவே, கைவிடப்பட்ட பாதையில் நடந்து பிடிபடும் ஒரே ஓர் ஆய்வாளன் முழு அபராதத்தையும் கட்டினால், ஒரு புதிய பாதையின் ஓராண்டு ஒதுக்கீட்டை இரு மடங்காக்கிவிடுகிறான். குழுவாகப் போவது இன்னும் நல்லது. ரசீது கேட்டு வாங்கவும். எந்தப் பாதையின் கணக்கில் வரவு வைப்பது என்பதை அதில் தெளிவாக எழுதச் சொல்லவும்.